தைலம்மாள் கொடுத்தனுப்பிய சோறு

இரங்கூன் நாய்களுக்கெல்லாம் குழந்தைவேலுவைத் தெரியும். முகம் பார்த்து அல்ல, வாடையை வைத்து. முனிசிபாலிட்டி நாய் வண்டியில் கயிறு வீசிப் பிடிக்கிறவன் அவன். வண்டி லான்மடாவ் கடைத்தெருவில் திரும்பும்போதே நாய்கள் மாயமாகிவிடும். அவற்றுக்குச் சோறு வைக்கிற பர்மாக்காரப் பெண்கள் அவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவனுக்கு அவர்கள் மேல் கோபமில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே! பிடிப்பது, பட்டியில் அடைப்பது, தேடிக்கொண்டு யாரும் வராவிட்டால் பின்னறையில் மருந்து வைத்துக் கொல்வது. வருஷக்கணக்காக இதே பிழைப்பு.

வேலைத் துணியை அவன் வீட்டுக்குக் கொண்டுவருவதே இல்லை. பட்டிக் கொட்டகையில் மாட்டிவிட்டு, குளித்து, வேறு லுங்கி கட்டிக்கொண்டுதான் போட்டாதாங்கில் இருந்த கூலி லயனுக்குத் திரும்புவான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷத்து மழையில் ஒரு நாள் மட்டும் தவறிப்போயிற்று. கொட்டகை ஒழுகி மாற்றுத்துணி நனைந்திருந்தது. அசதி வேறு. போட்டிருந்ததோடேயே வந்து படுத்துவிட்டான்.

மறுநாள் அவன் மனைவி தைலம்மாள் அந்தத் துணிகளை மூட்டையாகக் கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள். நெடுங்காலம் ஏங்கி உண்டான பிள்ளை, ஏழு மாதம். குழாயடியில் சுவரை ஒட்டிப் படுத்திருந்த செவலை நாய்க்கு மூட்டையின் வாடை எட்டியது. அலறி எழுந்தது. ஓட வழி இல்லை. அவள் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது.

"வெறிநாயாக இருந்தால் வயிற்றில் ஊசி போட வேண்டும்" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

தைலம்மாள் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். "வயித்துலயா? என்னை வெட்டிப் போட்டாலும் மாட்டேன்."

டாக்டர் ஒரு வழி சொன்னார். நாயை உயிரோடு பிடித்துப் பத்து நாள் வைத்துப் பார்க்க வேண்டும். தின்று குடித்து நன்றாக இருந்தால் பயமில்லை. சுணங்கினால் அன்றைக்கே ஊசி.

அன்று குழந்தைவேலு நாய் பிடித்தது போல் இரங்கூனில் யாரும் பிடித்திருக்க மாட்டார்கள். சுருக்கு இறுகாமல், பல் படாமல், அணைத்துத் தூக்கி வந்தான்.

"என்னப்பா வேலு, மாப்பிள்ளை அழைப்பா?" என்றார் வண்டி ஓட்டும் பீர் முகைதீன். குழந்தைவேலுவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பட்டி ஓவர்சியர் பாக்கியசாமி தனிக் கூண்டு கொடுத்தார். தைலம்மாள் சோறும் கருவாடும் இலையில் கட்டிக் கொடுத்தாள். முதல் நாள் நாய் அவன் வாடை பட்டதும் மூலையில் ஒடுங்கிக்கொண்டது. சோற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. நோயா, தன் மேல் பயமா? பீர் முகைதீனிடம் இலையைக் கொடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, சுவருக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான். தின்றது. சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதான்.

"நாயி தின்னுச்சா?" என்றாள் தைலம்மாள் சாயந்திரம்.

"தின்னுச்சு."

"தண்ணி?"

"குடிச்சுச்சு."

அதற்குப் பிறகுதான் அவள் சாப்பிட உட்கார்ந்தாள். தினமும் இதே கேள்வி, இதே பதில். நாளாக ஆக நாயும் பழகிவிட்டது. அவன் வாடை வந்ததும் கம்பி ஓரம் வந்து நிற்கும். கையில் வைத்துக் கொடுத்தால் தின்னும். இத்தனை வருஷத்தில் அவனைப் பார்த்து வாலாட்டிய நாய் அது ஒன்றுதான்.

பத்து நாளும் கழிந்தது. இனிப் பயமில்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார். குழந்தைவேலு ஓவர்சியர் முன்னால் போய் நின்றான்.

"அதை நான் கொண்டு போயிடறேங்க ஐயா."

"மனுசனைக் கடிச்ச நாய் உயிரோட கேட்டைத் தாண்டக் கூடாது. உனக்குத் தெரியாத சட்டமா வேலு?"

"என் துணி வாடைக்குப் பயந்துதாங்க கடிச்சுது."

"வாஸ்தவமா இருக்கலாம். நாளைக்கு வேற யாரையாவது கடிச்சா நான்ல பதில் சொல்லணும்?" பாக்கியசாமி கெட்டவர் இல்லை. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீ வீட்டுக்குப் போ. நான் பாத்துக்கறேன்" என்றார் பீர் முகைதீன்.

"வேணாம் பாய். பின்னறைக்குக் கூப்பிட்டா அது மிரளும். எங்கிட்டதான் பயமில்லாம வரும்."

அப்படியே வந்தது. பின்னறையில், தைலம்மாள் அன்று கட்டிக் கொடுத்த சோற்றில்தான் மருந்தைப் பிசைந்தான். நாய் வாலாட்டிக்கொண்டே தின்றது.

"நாயி தின்னுச்சா?" என்றாள் தைலம்மாள்.

"தின்னுச்சு."

நிறை வயிற்றுக்காரியிடம் வேறு என்ன சொல்வான்? டாக்டர் சொன்னதை மட்டும் சொன்னான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னையும் பிள்ளையையும் காப்பாத்தின சீவன். அது இருக்கிற மட்டும் என் கையால சோறு போடுவேன்" என்றாள்.

மறுநாள் காலையில் இலைப் பொட்டலம் தயாராக இருந்தது. கருவாடு இரண்டு துண்டு கூடுதல். வாங்கிக்கொண்டு போனான். அதைக் கொட்ட அவனுக்கு மனம் வரவில்லை. காலிக் கூண்டின் பக்கத்தில் உட்கார்ந்து, சோற்றைத் தண்ணீர் குடித்துக் குடித்துத் தானே தின்று முடித்தான். சாயந்திரம் அவள் கேட்டதற்குத் தின்றது என்று சொன்னான்.