சோதனைச் சாவடியில் என் பெயரைப் பாடினேன்

பங்கு மக்களே, என் கை நடுங்குவதைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டாம். அதற்காக நான் இங்கே வந்து நிற்கவில்லை.

பார்க்கின்சன் நோய் முதலில் என் கையைப் பிடித்தது. பிறகு குரலைத் தின்றது. துறைமுகத்தில் கிரேன் இரைச்சலுக்கு மேலால் கத்தி வேலை வாங்கியவன் நான். கடைசியில் சோறு கேட்டால் பக்கத்தில் நிற்கும் மனைவி ரீற்றாவுக்கே கேட்காது. யுத்தம் நடக்கும் கொழும்பில் ஒரு தமிழன் தெருவில் நின்று நடுங்கினால் மடியில் குண்டு இருக்கிறது என்றுதான் அர்த்தம். போன வருடம் சோதனைச் சாவடியில் பெயர் கேட்டார்கள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அடையாள அட்டை எடுக்கச் சட்டைப்பைக்குள் விட்ட கை துடித்தது. ஆமிக்காரன் துப்பாக்கியை என் நெஞ்சுக்கு நீட்டினான். ரீற்றா காலில் விழுந்துதான் என்னை மீட்டாள்.

அதன்பின் பிள்ளைகள் என்னைப் பூசைக்குக்கூட விடவில்லை. கொட்டாஞ்சேனை வீட்டுக்குள்ளேயே கிடந்து சாக வேண்டியதுதான் என்று நினைத்தேன். அழுதேன். பிறகு கோபம் வந்தது. ஆண்டவரோடு சண்டையே பிடித்தேன்.

"நடுக்கம் இருந்தா இருக்கட்டும் ஆண்டவரே, என்ர பேரைச் சொல்லக் குரலைத் தாரும்" என்றேன்.

தவக்காலம் தொடங்கிய கிழமை, நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுவரும் சிஸ்டர் வந்தார். என்னைப் போல நடுங்குகிறவர்களைக் கூட்டிப்போய் வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் பாட வைக்கிறாராம்.

"கதைக்க வராத வாய்க்கும் பாட்டு வரும். வந்து பாருங்கோ" என்றார்.

பிள்ளைகள் மறித்தார்கள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டேன். ரீற்றாவும் கூட வந்தாள்.

மண்டபத்தில் தாளத்துக்குத் தொடையில் தட்டி, வயிறு நிறைய மூச்செடுத்து, எதிர்ச்சுவருக்குக் கேட்கப் பாட வேண்டும். எல்லாருக்கும் மனப்பாடமான மன்றாட்டுமாலையைப் பிடித்தோம். ஒருவர் புனிதரின் பெயரைப் பாட, மற்றவர்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் பாடுவோம். எங்களோடு வந்த பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர் சைவ சமயக்காரர்; அவருக்குத்தான் எங்களில் உரத்த குரல். என்னிடமிருந்து முதலில் வந்தது வெறும் காற்று. ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் அப்படி வெறும் காற்றில் தொடங்கியவர்கள்தான். கிழமைகள் போகப் போகக் குரல் வந்தது.

பெரிய வெள்ளிக்கு முந்திய கிழமை, எங்கள் பாட்டுக்கூட்டம் மண்டபத்திலிருந்து திரும்பி வரும்போது அதே சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். என்னிடம் பெயர் கேட்டான் ஒருவன். வாயைத் திறந்தேன், மறுபடி வெறும் காற்று. துப்பாக்கி நிமிர்ந்தது. ரீற்றா மறுபடி காலில் விழக் குனிந்தாள். வேண்டாம் என்று தலையசைத்தேன். தொடையில் தட்டினேன்.

"மகே நம சவரிமுத்து" என்று சிங்களத்தில் என் பெயரை மன்றாட்டுமாலை ராகத்தில் பாடினேன்.

பின்னால் நின்ற எங்கள் ஆட்கள் பழக்கதோஷத்தில், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் பாடினார்கள். உயிரோடு இருக்கும்போதே என்னைப் புனிதனாக்கிவிட்டார்கள். நான் நிறுத்தவில்லை. விலாசத்தையும் பாடினேன். அதற்கும் பதில் வந்தது, சைவ மாஸ்டர் உட்பட. துப்பாக்கி தாழ்ந்தது. அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, போகும்படி கையைக் காட்டினான்.

நோய் போகவில்லை. கை நடுங்கிச் சிந்துமென்று ரீற்றா இன்றும் தேத்தண்ணியை அரைக் கோப்பைதான் ஊற்றித் தருகிறாள். ஆனால் நான் கேட்டதை ஆண்டவர் தந்தார். அவருக்கு நன்றி. பூசைக்கு நானே வருகிறேன், பெயர் கேட்பவனுக்கு நானே பதில் சொல்கிறேன்.

உங்கள் வீட்டிலும் நடுங்குகிற ஒருவர் இருந்தால் வெட்கப்பட்டு ஒளித்து வைக்காதீர்கள். பயப்படாமல் பாடக் கூட்டிவாருங்கள். நாங்கள் முணுமுணுத்தாலும் ஆண்டவருக்குக் கேட்கும். சாவடியில் நிற்பவனுக்குத்தான் உரத்துப் பாட வேண்டியிருக்கிறது.