மகராசிக்கு ஊட்டிய உளுந்தங்களி

ஆவுடையார்கோவில் பக்கம் செல்வராணி வீட்டில் மீன்குழம்பு என்றைக்குமே நேரத்துக்குக் கொதிக்காது. மகள் இனியா பசியில் கத்தினாலும் அவளுக்குக் காதில் விழாது. எந்த மீன் கைக்கு வந்தாலும் வயிற்றைக் கீறி, முட்டை இருக்கிறதா, எவ்வளவு, என்ன நிறம் என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் சட்டிக்குப் போகும். அப்படி ஒரு பைத்தியம்!

அந்தப் பைத்தியத்துக்குக் காரணம் மகராசி. கொல்லைக் குளத்தில் அவள் வளர்க்கும் கட்லா மீன். கரையில் அவள் காலடி பட்டால் போதும், வாயைத் திறந்துகொண்டு மேலே வந்துவிடும். மகராசியின் குஞ்சுகளாலேயே குளத்தை நிரப்ப வேண்டும் என்பது செல்வராணியின் ஆசை. ஆனால் தேங்கிய தண்ணீரில் கட்லா தானாக முட்டையிடாது, ஊசி போட வேண்டும். அறந்தாங்கிப் பக்கத்துக் குஞ்சுப் பண்ணையில் வேலை பார்க்கும் ஷீபா போன இரண்டு ஆடியிலும் வந்து போட்டாள். ஒரு முட்டைகூட விழவில்லை.

கத்தாரிலிருந்து கணவன் வசந்தகுமார் போனில் சிரித்தான். "மலட்டு மீனுக்கு எதுக்குடி தீனி? வர்ற ஆடியிலயும் ஒண்ணுமில்லன்னா வெட்டிரு."

செல்வராணிக்குச் சுருக்கென்றது. இனியா பிறப்பதற்கு முன் ஒன்பது வருடம் அந்த வார்த்தையைக் கல்யாண வீட்டிலும் காதுகுத்திலும் அவள் கேட்டிருக்கிறாள்.

மாசியில், மகராசியோடு வளர்ந்த இன்னொரு பெண் மீன் துள்ளிக் கரையில் விழுந்து செத்தது. அழுதுகொண்டே அறுத்தாள். உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரே கொழுப்பு. முட்டைப்பை நூலாக ஒட்டிக் கிடந்தது. அழுகை நின்று, மகராசி வயிறும் இப்படித்தானோ என்ற யோசனை பிறந்துவிட்டது அவளுக்கு. உடனே ஷீபாவை வரச் சொன்னாள்.

ஷீபா பார்த்ததுமே கேட்டாள். "அக்கா, உண்மையச் சொல்லுங்க. என்ன தீனி போடுறீங்க?"

"தவிடு, புண்ணாக்கு…" செல்வராணி இழுத்தாள். "அப்பறம் உளுந்தங்களி."

"களியா!"

"இனியா வயசுக்கு வந்தப்ப கருப்பட்டி போட்டு, நல்லெண்ணெய் ஊத்திக் கிண்டிக் குடுத்தோம்ல. இடுப்புக்குப் பலமாச்சே. இதுவும் பொம்பளப் புள்ளதானே?"

"மீனுக்கு ஏதுக்கா இடுப்பு?" ஷீபாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். "மூளைக்கு அடியில இத்துனூண்டு சுரப்பி ஒண்ணு இருக்கு. ஒடம்பு வளரவும் அதுதான் ஹார்மோன் அனுப்பும், முட்டை முத்தவும் அதுதான் அனுப்பும். அளவா வளந்தா, வளர வைக்கிற ஹார்மோனே முட்டைக்கும் ஒத்தாசை பண்ணும். இங்க தின்னதெல்லாம் கொழுப்பாப் போச்சு."

"அப்ப ஊசி?"

"முத்துன முட்டைய எறக்கத்தான் ஊசி. முத்தாததுக்கு அது என்ன செய்யும்?"

செல்வராணிக்கு அப்போதுதான் உறைத்தது. பாசத்தைக் கொட்டிக் கொட்டி, தானே அதன் வயிற்றை அடைத்திருக்கிறாள்!

அன்றிலிருந்து அளவுத் தீனிதான், அதுவும் மீன்தூள் கலந்து. மகராசி கரையோரம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்போதெல்லாம் செல்வராணி, "போடி அங்கிட்டு, என்னப் பாவியாக்காத" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். களிச் சட்டியைப் பரணில் ஏற்றிவிட்டாள்.

ஆடி வந்தது. ஷீபா மகராசியின் வயிற்றைத் தடவிப் பார்த்து, "மெத்துன்னு இருக்குக்கா" என்றாள். சாயங்காலம் அதற்கும் கூட வளர்ந்த ஆண் மீன்களுக்கும் ஊசி போட்டு, குளத்துக்குள் கட்டிய வலைத்தொட்டியில் விட்டார்கள்.

விடிந்ததும் செல்வராணி இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வலையைத் தூக்கினாள். வெந்த ஜவ்வரிசி போல முட்டை, வலை முழுக்க முட்டை! "அடி என் தங்கமே!" என்று அப்படியே நின்று அழுதாள்.

அந்த நேரம் பார்த்து வசந்தகுமார் வீடியோ காலில் வந்தான். "என்ன, மலட்டு மீன் என்னாச்சு?"

அவள் போனை வலைப்பக்கம் திருப்பினாள்.

"பாத்துக்கங்க. இனிமே அந்த வார்த்தைய இந்த வீட்டுல எந்த சீவனப் பாத்தும் சொல்லாதீங்க."

வசந்தகுமார் மெதுவாக, "சொல்லல ராணி" என்றான்.