எடை பார்க்கும் அறை

மாமியாருக்குத் தெரியாமல் எப்படியாவது காப்பர்-டி போட்டுக்கொள்ள வேண்டும் என்று நான் தவித்துக்கொண்டிருந்த காலத்தில்தான், கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் ஒரு புது அறை திறந்தார்கள். பெண்களை வராந்தாவில் நிற்கவைத்து, வந்த காரணத்தை ஊருக்கே கேட்கும்படி விசாரிக்கக் கூடாது, தனியறையில்தான் பேச வேண்டும் என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. நல்ல காரியம்தான். ஆனால் அந்த அறையின் கதவுக்கு மேலே, எங்கள் ஆட்கள் சிவப்புப் பெயிண்டில் கொட்டை எழுத்தில் எழுதிவைத்தார்கள்: 'கர்ப்பத்தடை ஆலோசனை. ரகசியம் காக்கப்படும்.' கதவுக்கு நேர் எதிரே டீக்கடை. ரகசியத்தைக் காப்பாற்றத் தண்டோரா போட்ட ஊர் எங்கள் ஊராகத்தான் இருக்கும்.

எனக்கு அப்போது கைக்குழந்தை, பெண். திண்டிவனத்தில் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன். வயிற்றில் இன்னொன்று வந்தால் படிப்பு அதோடு போச்சு. மாமியாரோ, "ஜல்தியா ஒரு ஆம்பளப் புள்ளயப் பெத்துக் குடுத்துட்டு அப்பறம் படியேன், யாரு வேணான்றாங்க?" என்று தினமும் ஆரம்பித்துவிடுவார். என் கணவருக்குச் சம்மதம்தான். ஆனால் "எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன இழுக்காத" என்று முன்ஜாமீன் வாங்கிக்கொண்டார்.

அந்தக் கதவுவரை போய்ப் போய்த் திரும்பினேன். டீக்கடை பெஞ்சைப் பார்த்தாலே எரிச்சலாக வரும். பிறகு ஒருநாள் போனபோது எழுத்தின்மேல் சுண்ணாம்பு அடித்திருந்தது. அடிக்கவைத்த நர்சம்மா அதோடு விடவில்லை. வராந்தாவில் தொங்கிய, குழந்தைகளை எடைபோடும் தராசைக் கழற்றி அந்த அறைக்குள் மாட்டிவிட்டார். தடுப்பூசியும் இனி அங்கேதான். பிள்ளை வைத்திருக்கிற எல்லாரும் அந்தக் கதவில் நுழைந்தாக வேண்டும். டீக்கடைக்காரர்கள் எதை வைத்து எதைக் கண்டுபிடிப்பார்கள்?

"வீட்டுக்காரர் கையெழுத்து வேணுங்களா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேணாம்மா. நீ சம்மதம் சொன்னா போதும்னு கவர்மெண்ட்டே சொல்லியிருக்கு. புள்ளய அந்தாண்ட படுக்க வை," என்றார் நர்சம்மா.

காப்பர்-டி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, "பாப்பா நல்லா ஏறியிருக்கா அத்தை" என்றேன். அங்கே இருந்த பதற்றத்தில் எடை பார்க்கவே மறந்திருந்தேன்.

அடுத்த மாதம் மாமியார் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டார். "நீ படிக்கப் போ. எடைய நான் பாத்துக்கினு வர்றேன்." நர்சம்மா வாய்தவறி ஒரு வார்த்தை சொன்னால் நான் தீர்ந்தேன். அன்று வகுப்பில் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. சாயங்காலம் வந்து பார்த்தால், மாமியார் சாவகாசமாக மல்லாட்டை உரித்து, கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தார். அதன்பிறகு எடை பார்ப்பது அவர் வேலையாகிவிட்டது. நான் படிப்பை முடித்தேன், வேலைக்கும் போனேன். பிறகுதான் அடுத்தது பிறந்தது. அதுவும் பெண். இரண்டு பெண்கள் பிறந்ததற்கும் ஊருக்கு நான் சந்தோஷமாகவே சர்க்கரை கொடுத்தேன்.

பல வருஷம் கழித்து, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் மாமியாருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். இதற்குமுன் என்ன வைத்தியம் பார்த்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார்.

"அடி எறங்கிப் போயி, கர்ப்பப்பை கீழ வந்து ரொம்ப வருஷமாச்சிங்க. எங்க ஊர்லயே, அந்த எடை பாக்கற ரூம்ல, அது எறங்காம இருக்க வளையம் வெச்சி வுட்டாங்க. பேத்திய எடை பாக்கறேன்னு போய்க்கினு வந்துக்கினு இருந்தேன். வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது."

டாக்டரம்மா நகர்ந்ததும் மாமியார் என் பக்கம் திரும்பினார். "என்ன பாக்கற? நீ மட்டும் எடை பாக்கவா போனே? 'பாப்பா நல்லா ஏறியிருக்கா'ன்னே. எவ்ளோன்னு சொன்னியா?"

"நர்சம்மா சொல்லிட்டாங்களா அத்தை?"

"அவங்களா? நோண்டி நோண்டிக் கேட்டேன். 'உங்க மருமவளயே கேளுங்க'ன்னுட்டாங்க."

"அப்புறம் ஏன் என்னக் கேக்கல?"

"கேட்டா, நீயும் என்னக் கேப்பியே," என்றார்.