ஹோய் ஆன் சந்துகளில் ஒரு சிவப்புப் பாஸ்போர்ட்

ஹோட்டலில் பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் அது திரும்பி வராது என்று நாற்பத்தெட்டு வயதிலும் மனதார நம்பியவன் நான். சிங்கம் போட்ட ஓர் இலங்கைப் பாஸ்போர்ட்டிலிருந்து தப்பி ஓடி வந்து, சிங்கம் போட்ட இன்னொன்றுக்காகப் பதினான்கு வருடம் காத்திருந்தவன். அதில் பாதி குரோய்டன் குடிவரவு அலுவலக வரிசையில் நின்றே கழிந்தது. அது கைக்கு வந்த கோடையிலேயே, நாங்கள் இருக்கும் லண்டன் பிளேஸ்டோவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு, மனைவியோடு வியட்நாமுக்குப் புறப்பட்டேன்.

ஹோய் ஆன் ஒரு பழைய துறைமுக நகரம். மஞ்சள் சுவர்கள், கூரைதோறும் கூண்டு விளக்குகள், தெரு நிறையச் சுற்றுலாக்காரர்கள். ஹோட்டல் மேசையில் இருந்த பெண் சிரித்தபடியே எங்கள் இரண்டு பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பின்னால் இருந்த மரப்பெட்டியில் போட்டாள். போலீசில் பதிய வேண்டுமாம். அந்தச் சொல்லுக்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

"எல்லாரிட்டையும்தானப்பா வாங்கீனம். பேசாமப் படுங்கோ" என்றாள் மனைவி.

"உமக்கென்ன தெரியும்? குரோய்டனிலயும் இப்பிடித்தான் சிரிச்சுக்கொண்டு வாங்கினவங்கள்."

காலையில் விழித்தபோது அவள் அறையில் இல்லை. கீழே இறங்கினேன். மேசையில் ஆளில்லை. பெட்டிக்குள் ஒரேயொரு சிவப்புப் பாஸ்போர்ட், பொன்னிறச் சிங்கத்தோடு. எடுத்துச் சட்டைப்பைக்குள் செருகினேன். திறந்து பார்க்கவில்லை. தொலைந்த பிள்ளையைக் கண்டவன் அதனிடம் அடையாள அட்டையா கேட்பான்? மனைவியுடையது அங்கே இல்லை என்பது மூளைக்கு எட்டவேயில்லை. அதை அவள் இன்றுவரை எனக்கு நினைவூட்டி வருகிறாள்.

யாரும் பார்க்குமுன் வெளியேறி, பெரிய தெரு முனைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால், பச்சைச் சீருடை போட்ட ஒருவன் சைக்கிளில் வருகிறான். "ஹலோ! ஹலோ!" என்று கத்துகிறான். போலீஸ்! நான் முதல் சந்துக்குள் பாய்ந்தேன்.

பணம் கொடுத்து வழிகாட்டி வைத்தாலும் அந்தச் சந்துகளை அப்படிப் பார்க்க முடியாது. பாசி பிடித்த மதில்கள். வாசலில் குந்தியிருந்து கீரை ஆயும் பெண். நடுவழியில் படுத்திருந்து, என்னைக் கண்டதும் ஒரு கண்ணை மட்டும் திறந்த நாய். சந்து ஒடுங்க ஒடுங்க அழகும் கூடிக்கொண்டே போனது. எனக்கு மூச்சுத்தான் குறைந்துகொண்டே போனது.

கடைசிச் சந்தில், மதிலில் கண்ணாடி மாட்டி ஒரு முடிவெட்டுபவர் காத்திருந்தார். கதிரையில் விழுந்தேன். அவர் கழுத்துவரை வெள்ளைத் துணி கட்டினார். இதைவிட நல்ல மறைவிடம் ஏது? சைக்கிள் கடந்து போவது கண்ணாடியில் தெரிந்தது. நிம்மதியாகக் கண்ணை மூடினேன். அவரும் நிம்மதியாக மெஷினைப் போட்டு, நெற்றியிலிருந்து உச்சி வரை ஒரு கோடு இழுத்துவிட்டார்.

கண் திறந்தபோது கண்ணாடியில் சைக்கிள் திரும்பி வந்திருந்தது. பின்சீற்றில் என் மனைவி.

"உம்மையும் பிடிச்சிட்டாங்களே?" என்று அலறினேன்.

அவள் என் தலையைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். "ஆரின்ர பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தனீங்கள்? எடுங்கோ!"

துணிக்குள் கையை விட்டு எடுத்து, முதன்முறையாகத் திறந்தேன். சிவந்த முகமும் வெள்ளைத் தாடியுமாக ஓர் ஆள் என்னை முறைத்தார்.

அவர் மேல்மாடி அறைக்காரர். விமான நிலையம் போக வண்டி வாசலில் நிற்க, பாஸ்போர்ட்டைத் தேடிக்கொண்டிருந்தார். சைக்கிள்காரன் ஹோட்டல் காவலாளி. எங்கள் இரண்டு பாஸ்போர்ட்டையும் விடியற்காலையிலேயே, உலாத்தப் போக இறங்கிய மனைவியிடம் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். நான் ஓடிய நேரமெல்லாம் அவை அவளுடைய கைப்பைக்குள்தான் இருந்தன.