புகை இல்லை என்று சொன்னேன்

ஜூன் 9, திங்கள். காலை 6.50: பேத்திக்கு இளைப்பு. இன்ஹேலர் இரண்டு முறை. 7.15க்குத் தணிந்தது.

ஜூன் 11, புதன். துறைமுகச் சாலையைப் பார்த்த சன்னல்கள் இரண்டும் ஆணியடித்து மூடப்பட்டன.

ஜூன் 13, வெள்ளி. காலை 6.45: மீண்டும் இளைப்பு. இன்ஹேலர் நான்கு முறை. பள்ளிக்கு விடுப்பு.

இப்பதிவு என் கையெழுத்து. முப்பத்திரண்டு ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்தவன்; நோய் எப்படியிருப்பினும் பதிவேடு ஒழுங்காக இருந்தது.

என் மனைவி மார்ச் மாதம் காலமானார். மருமகனுக்குக் கப்பலில் வேலை. ஆகவே மகள், ஏழு வயதுக் குழந்தையுடன் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு, என் வீட்டுக்கு, வந்துவிட்டாள். வந்தபின் குழந்தைக்கு இளைப்பு அதிகரித்தது.

"இன்னொருக்க இப்படி வந்துச்சுன்னா மதுரைக்கே கூட்டிட்டுப் போயிருவேம்ப்பா. அங்கன இருந்தப்ப இவ்வளவு கெடையாது" என்றாள் மகள்.

அவள் போனால் வீடு மறுபடி எனக்கு மட்டுமாகும்.

எனவே வீட்டைச் சீர்திருத்தினேன். துறைமுக லாரிகளின் புழுதியே குற்றவாளி என்று தீர்ப்பளித்துச் சாலைப் பக்கச் சன்னல்களை ஆணியடித்தேன், மற்றவற்றைச் சாத்தித் தாழிட்டேன். திரைச்சீலைகளைக் கழற்றினேன். இலவம்பஞ்சுத் தலையணைகளை மாடிக்கு அனுப்பினேன். தரையை நாளுக்கு இருமுறை ஈரத்துணியால் துடைத்தேன். ஒரு துகளும் உள்ளே வர வழியில்லை. உள்ளே இருப்பது வெளியே போகவும் வழியில்லை என்பது, வாயுக்களின் இயல்பைப் பல நூறு மாணவர்களுக்கு விளக்கியவனுக்குத் தோன்றவில்லை.

வெள்ளியன்று மருத்துவரிடம் போனோம். அவர் என் பழைய மாணவி.

"வீட்டுக்குள்ள புகை ஏதும் உண்டா சார்? கொசுவத்தி, சிகரெட்டு, விறகு?"

"ஒண்ணும் கெடையாதும்மா" என்றேன். சொன்னபோது அது பொய்யென்று எனக்குத் தெரியாது.

"ஏ தாத்தா, ஆச்சிக்குப் போடுதியளே சாம்பிராணி, அது என்னவாம்?" என்றாள் பேத்தி. "கண்ணெல்லாம் எரியுது!"

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"தெனமுமா சார்?" என்றார் மருத்துவர்.

"காலையில மட்டும்தான். ஆறரைக்கு."

"சன்னலு?"

"அடைச்சிருக்கேன்."

"லேப்ல எக்ஸாஸ்ட் ஃபேன் போடலன்னு என்னைய ஒரு பீரியட் பூரா வெளிய நிப்பாட்டுனீங்களே சார், ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. தண்டனை சரியானது என்றே இன்றும் கருதுகிறேன்.

நான் கடவுள் நம்பிக்கை அற்றவன். மனைவி வெள்ளிதோறும் எல்லாச் சன்னல்களையும் திறந்துவைத்து, வீடு முழுவதும் சாம்பிராணி காட்டுவார். வெள்ளிதோறும் நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவேன். அவர் போனபின் அவரது படத்தின் முன் நாள்தோறும் நானே போடத் தொடங்கினேன். படத்துக்குப் புகை தேவை என்று எண்ணியதில்லை. அந்த மணம் அடங்கும்வரை அவர் அடுத்த அறையில் இருப்பதாகக் கொள்ள முடிந்தது, அவ்வளவே. அதைப் புகை என்னும் பட்டியலில் சேர்க்க என் படிப்பு உதவவில்லை.

தினசரி இன்ஹேலரை விடக்கூடாது, புகை அறவே கூடாது, லாரிகள் குறைந்த வேளையிலாவது சன்னலைத் திறக்க வேண்டும் என்றார் மருத்துவர். பழைய ஆசிரியருக்குரிய மரியாதையோடு அதை இரண்டு முறை சொன்னார்.

சனிக்கிழமை காலை ஒரு சன்னலின் ஆணிகளைப் பிடுங்கித் திறந்தேன்; சாம்பிராணி போடவில்லை. பேத்தி படத்தின் முன் நின்று, "ஆச்சி, இன்னைக்கு ஒனக்கு லீவு" என்று அறிவித்தாள். ஏழு மணிக்கு அவள் மூச்சு சீராக இருந்தது. வீட்டில் எந்த மணமும் இல்லை. மகள் மதுரைப் பேச்சை எடுக்கவில்லை, கைவிட்டதாகவும் சொல்லவில்லை.

இன்னும் செய்யாதவை:

இரண்டாவது சன்னலின் ஆணிகளைப் பிடுங்குதல்.

வகுப்பாசிரியையிடம் இன்ஹேலர் கொடுக்கும் முறையைக் காட்டுதல்.

மீதிச் சாம்பிராணியை யாருக்கேனும் கொடுத்துவிடுதல்.

இங்கேயே இருந்துவிடும்படி மகளிடம் வாய்விட்டுக் கேட்டல்.