வாய் இல்லாத பை

ஒடென்சே நகரில் ஓர் அருங்காட்சியக வாசல். எனக்கு முன்னால் நிற்பவள் கனடாவிலிருந்து வந்திருக்கும் ஒஜிப்வே பழங்குடிப் பெண். அவள் தோளில் குறுக்காகத் தொங்கும் கறுப்பு வெல்வெட் பை முழுக்க, மணிகளால் தைத்த பூக்கொடிகள். சற்றுமுன் என் கைப்பையை லாக்கரில் வைக்கச் சொன்னது போலவே, அவள் பையையும் வைக்கச் சொல்கிறார் காவலுக்கு நிற்கும் யாழ்ப்பாணத்து அக்கா.

“மாட்டேன்,” என்கிறாள் அவள் ஆங்கிலத்தில். “எங்கள் ஆட்கள் தைத்த பை உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது. இதைப் போட்டுக்கொண்டுதான் அதைப் பார்ப்பேன்.”

அக்கா பையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். எங்கும் திறப்பே இல்லை.

“இது எதையும் உள்ளே வைப்பதற்கல்ல. விழாக்களில் அணிவதற்கு,” என்கிறாள் அவள்.

அக்கா அவளை உள்ளே விடுகிறார். எனக்குப் பொறுக்கவில்லை. “என் பையை மட்டும் லாக்கர்ல வைக்கச் சொன்னீங்களே அக்கா?”

அக்கா என் புடவையை ஏற இறங்கப் பார்க்கிறார்.

“ஓம். சீலையைக் கழட்டி வைக்கச் சொன்னனானோ?”