கேஸ் அடுப்பு வீட்டில் சாம்பல்

வீட்டைக் காலி செய்வது என்று முடிவானதிலிருந்து எனக்கு இடுப்பு வலி. சாமான் தூக்கியதால் வந்ததல்ல. எதை எடுத்தாலும் "இது வேணுமா, வேண்டாமா?" என்று என் மனைவி கேட்டதால் வந்தது. மகன் மதுரையில் நாலாவது மாடியில் இருக்கிறான். எங்களுக்கென்று ஓர் அறை ஒதுக்கியிருக்கிறான். ராமநாதபுரத்தில் இத்தனை வருடம் வாடகைக்கு இருந்த வீட்டை அந்த ஓர் அறைக்குள் மடக்க வேண்டும். ஆட்டுரல் போயிற்று, மரபீரோ போயிற்று, நான் சம்பாதித்து வாங்கிய முதல் சைக்கிள் போயிற்று. எதற்கும் நான் வாய் திறக்கவில்லை. பின்கட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் டப்பாவைப் பற்றிக் கேட்டால் மட்டும் காது கேட்காத மாதிரி இருந்துவிடுவேன். அதில் எங்கள் நாயின் சாம்பல் இருந்தது.

அவனுக்குப் பெயர் கிடையாது. வைக்கலாம், வைக்கலாம் என்று நாங்கள் தள்ளிப்போட்டதில் 'ஏலே' என்பதே நிலைத்துவிட்டது. தொண்டியில் இருக்கும் என் அக்கா வந்து வாசலில் நின்று "ஏலே" என்றால் நானும் திரும்புவேன், அவனும் திரும்புவான். அக்கா மீனோடுதான் வருவாள். அவள் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்தால் இவன் எதிரே போய் உட்கார்ந்துகொள்வான். தலையைக் கழுத்துச் சதையோடு சேர்த்துப் பெரிதாக அறுத்து அவனுக்குப் போடுவாள். பிறகு மீன் கழுவிய தண்ணீர் ஓடுகிற முருங்கை மரத்து மூட்டில் போய்ச் சுருண்டுகொள்வான். எத்தனை முறை குளிப்பாட்டினாலும் அவன்மேல் அந்த வாடைதான்.

அவன் செத்தபோது, பின்கட்டில் தோண்டுவதற்கு மண் இல்லை. முருங்கை நிற்கிற இடம் தவிர எல்லாம் சிமெண்ட். திருவாடானைப் பக்கம் எங்கள் வயலுக்குக் கொண்டுபோனேன். புதைத்தால் நரி தோண்டிவிடும் என்றார்கள். கருவேல விறகை அடுக்கி எரித்தேன். மனுசனுக்குச் செய்வதுபோலச் சாம்பலைக் கலயத்தில் அள்ளித் துணி கட்டியபோது பக்கத்து வயல்காரர் சிரித்தார். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். சாம்பல் கலயத்தை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பதால் முருங்கையில் கட்டித் தொங்கவிட்டேன். நாடே சாம்பலைத் தூக்கிக்கொண்டு ராமேஸ்வரத்துக்கு வருகிறது. எனக்கு ஒரே பஸ். அடுத்த வாரம் போகலாம், மழை விடட்டும், கூட்டம் குறையட்டும் என்று நாலு வருடம் ஓடிவிட்டது. கயிறு இற்றுக் கலயம் விழுந்து உடைந்தபோது, ஓடு பொறுக்கி, சாம்பலை டப்பாவில் அள்ளி வைத்தேன்.

காலி செய்வதற்கு முதல் நாள் காலையில் மனைவி தீர்த்துச் சொல்லிவிட்டாள். "மத்தியான பஸ்ஸுக்குப் போய்க் கரைச்சுட்டு வந்துருங்க. அதைக் கொண்டாந்து மருமக வீட்ல வைக்க முடியாது."

"போறேன்" என்றேன். ஆனால் ஒரு பிடியை மட்டும் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். ஒரு பிடிக்கு நாலாவது மாடியில் இடம் இருக்காதா என்ன.

பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் அக்கா வந்திருந்தாள், சாமான் கட்ட ஒத்தாசைக்கு. பின்கட்டில் கெளுத்தி மீன் ஆய்ந்து முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தாள். டப்பா கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"கேஸ் அடுப்பு வீட்ல சாம்பல் எங்கன கெடைக்கப்போவுதுன்னு நெனச்சேன். உம்பொண்டாட்டி டப்பா நெறயச் சேத்து வச்சிருக்கா. அள்ளித் தேச்சதும் கெளுத்தி வழுக்காம கையில நின்னுச்சுடா" என்றாள்.

டப்பாவை நிமிர்த்திப் பார்த்தேன். அக்காவுக்கு எதையும் பளிச்சென்று கழுவித்தான் பழக்கம். மூடியின் மரையில்கூட ஒட்டியிருக்கவில்லை.

சத்தம் கேட்டு வந்த மனைவி என் முகத்தைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள். "மதினி, அது அடுப்புச் சாம்பல் இல்ல" என்றாள்.

"பெறகு?"

"நம்ம ஏலேயோடது."

அக்கா தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "சொல்லித் தொலைக்கக் கூடாதாடா. நாலு வருசமாவா ஒருத்தன் வச்சிருப்பான்" என்றவள் அழ ஆரம்பித்தாள். "எங்கையால தின்ன புள்ளடா அது."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபப்படவும் தெம்பு வேண்டுமே. காலையிலிருந்து சாமான் கட்டி அலுத்திருந்தேன், யாரையும் நோகச் சொல்ல வாய் வரவில்லை. "விடுக்கா. அவன் மீன் தண்ணியிலதான கெடப்பான்" என்று அவளைத் தேற்ற வேண்டியதாயிற்று. அழ வேண்டியவன் நான்.

தண்ணீர் ஓடின தடம் முருங்கை மூடு வரை ஈரமாக இருந்தது. மேல்மண்ணில் கொஞ்சம் சாம்பல் நிறம். விரலால் வழித்துப் பார்த்தேன். சேறும் மீன் கொழகொழப்பும்தான் வந்தது. ஒரு பிடிகூட இல்லை. கையைக் கழுவிவிட்டு வந்து மிச்சச் சாமானைக் கட்டினேன். மனைவி மீனை உப்பும் மஞ்சளும் போட்டு மறுபடி அலசிக் குழம்பு வைத்தாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். தலையை மட்டும் அக்கா முன்பே எடுத்து முருங்கை மூட்டில் வைத்திருந்தாள். காக்கை கொண்டுபோனது. ராமேஸ்வரம் பஸ்ஸுக்குப் போகிற வேலை இல்லாமல் போயிற்று.

மறுநாள் காலை வண்டியில் ஏற்றி முடித்ததும் வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்தேன். "பின்னாடி அந்த முருங்கைய மட்டும் வெட்டிறாதீங்க" என்றேன்.

"வெட்டத்தாங்க போறேன். வர்றவங்க கார் வச்சிருக்காங்க. மரம் நிக்கிற எடம் வரைக்கும் சிமெண்ட் போட்டாத்தான் நிறுத்த முடியும்" என்றார் அவர்.

"சரிங்க" என்றேன்.

வண்டிக்குள்ளிருந்து அக்கா கூப்பிட்டாள். "ஏலே, வாடா."

நான் மட்டும் திரும்பினேன்.